வலி வருமுன் பல்லைக் கவனிப்பது எப்படி?

சொத்தைப் பல் வலிக்கத் தொடங்கும்போது, அரிப்பு பெரும்பாலும் பல்லின் கடினமான மேலடுக்கான எனாமலைக் கடந்து உள்ளடுக்கை எட்டியிருக்கும். எனாமலில் நரம்பும் இல்லை, உயிரணுவும் இல்லை; ஆகவே அங்கே நேரும் சேதம் உறைப்பதுமில்லை, குழி விழுந்துவிட்டால் அது தானாக அடைபடுவதுமில்லை. ஈறு நோயும் பல ஆண்டுகள் ஓசையின்றியே வளரக்கூடியது. இதனால்தான் பல் பராமரிப்பில் வலியை அளவுகோலாகக் கொள்ளக் கூடாது.

துலக்கும்போது கவனம் செல்ல வேண்டிய இடம் பல்லின் நடுப்பகுதி அன்று, பல்லும் ஈறும் சேரும் விளிம்பு. மென்மையான தூவிகள் கொண்ட பிரஷை அந்த விளிம்பை நோக்கி ஏறத்தாழ 45 பாகை சாய்த்து வைத்து, அழுத்தாமல் சிறு சிறு அசைவுகளாக, உட்புறத்தையும் விடாமல் 2 நிமிடம் துலக்க வேண்டும். நாளுக்கு இருமுறை துலக்குவதில் இரவு வேளையைத் தவறவிடவே கூடாது. உறங்கும்போது உமிழ்நீர் வெகுவாகக் குறைவதால், பல்லை அரிக்கும் அமிலத்தை எதிர்க்கும் இயற்கைக் காவலும் அப்போது தளர்ந்துவிடுகிறது. பற்பசையில் ஃபுளோரைடு 1000 முதல் 1500 பிபிஎம் (பத்து இலட்சத்தில் இத்தனை பங்கு என்னும் அளவு) வரை இருக்கிறதா என்று உறையைப் பார்த்து வாங்குங்கள். துலக்கி முடித்ததும் நுரையைத் துப்பினால் போதும். உடனே தண்ணீர் விட்டுக் கொப்பளித்தால், பல்லில் தங்கிப் பலன் தர வேண்டிய ஃபுளோரைடு கழுவப்பட்டுவிடும். புளிப்பான எதையேனும் உண்டிருந்தால் அரை மணி நேரமாவது கழித்துத் துலக்குவது நல்லது.

எவ்வளவு பொறுமையாகத் துலக்கினாலும் இரு பற்களுக்கு இடையே பிரஷ் நுழையாது. ஒழுங்காகப் பல் துலக்குபவர்களும் கோட்டைவிடும் இடம் இதுதான் என்பது என் கருத்து. பல் இடுக்கு நூலையோ, இடைவெளி பெரிதாக இருந்தால் இடுக்குகளுக்கென்றே உள்ள சிறு பிரஷையோ நாளுக்கு ஒருமுறை பயன்படுத்த வேண்டும். முதல் சில நாள்கள் ஈறில் இரத்தம் கசியலாம். அதைக் கண்டு சுத்தம் செய்வதை நிறுத்துவதுதான் பலரும் செய்யும் பிழை, ஏனெனில் அங்கே அழுக்குப் படலம் தங்கி ஈறு வீங்கியிருப்பதே பெரும்பாலும் கசிவுக்குக் காரணம். ஓரிரு வாரங்களாகியும் நிற்கவில்லையெனில் மருத்துவரிடம் காட்டுங்கள். புகைப்பவர்களுக்கு ஈறு நோய் இருந்தாலும் இரத்தம் கசியாமல் இருக்கக்கூடும் என்பதால், அவர்கள் இந்த அறிகுறியை நம்பியிருக்க இயலாது.

கீழ் முன்பற்களின் பின்புறத்தை நாக்கால் தடவிப் பாருங்கள். வழவழப்பாக இல்லாமல் சொரசொரப்பாகத் தட்டுப்பட்டால் அது காரையாக இருக்கலாம். உமிழ்நீர்ச் சுரப்பிகளின் வாய்கள் நாக்கின் அடியில் திறப்பதால், அந்நீரிலுள்ள தாதுக்கள் படிந்து அழுக்குப் படலம் அங்கே விரைவில் கல்லாக இறுகுகிறது. இறுகிய காரை பிரஷுக்கு அசையாது. பல் மருத்துவரிடம் ஸ்கேலிங், அதாவது கருவியால் சுரண்டிச் சுத்தம், செய்துதான் நீக்க வேண்டும். ஸ்கேலிங் செய்தால் பல் ஆட்டம் காணும் என்ற அச்சம் வீணானது. காரை அடைத்திருந்த இடம் வெறுமையாவதாலும் வீங்கிய ஈறு வற்றுவதாலும் இடைவெளி தெரிகிறதே தவிர, பல் அதனால் தளர்வதில்லை.

பரிசோதனைக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை செல்வது பொது வழக்கம். ஆனால் சர்க்கரை நோயாளிகள், புகைப்பவர்கள், அடிக்கடி சொத்தை விழுபவர்கள் ஆகியோருக்கு அதைவிடக் குறுகிய இடைவெளி தேவைப்படலாம். ஆபத்து குறைந்த பெரியவர்களுக்கு நீண்ட இடைவெளியும் போதுமானதாகலாம். அடுத்து எப்போது வர வேண்டும், ஏன் என்று மருத்துவரிடமே கேட்டுவிடுங்கள். உட்கொள்ளும் மருந்துகளை, குறிப்பாக இரத்தம் உறையாமலிருக்கத் தரப்படுபவற்றை, முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பல்லுக்கும் ஈறுக்கும் இடையிலுள்ள பள்ளத்தை மெல்லிய கருவியால் அளக்கும்போது கிடைக்கும் எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: 1 முதல் 3 மில்லிமீட்டர் வரை இயல்பு, 4-ம் அதற்கு மேலும் கவனிக்கத்தக்கவை. இரண்டு மூன்று வாரமாகியும் ஆறாத வாய்ப்புண் இருந்தால் பரிசோதனை நாள் வரை காத்திருக்காமல் உடனே காட்ட வேண்டும்.

குழந்தையை முதல் பிறந்தநாளுக்குள் ஒருமுறை பல் மருத்துவரிடம் காட்டிவிடுவது நன்று. ஏறத்தாழ 6 வயதில், எந்தப் பாற்பல்லும் விழாமலேயே, வரிசையின் கடைசியில் நிரந்தரக் கடைவாய்ப் பல் முளைக்கிறது. அதையும் பாற்பல் என்று எண்ணிப் பலர் விட்டுவிடுகிறார்கள். அதன் மேற்பரப்பிலுள்ள ஆழமான பிளவுகளை, சொத்தை பிடிக்கும் முன் காப்புப் பூச்சால் மூட முடியுமா என்று, அப்பல் முழுதாக வெளிவந்ததும் கேளுங்கள்.