கன்வல்யூஷன் ஃபில்டர்: எம்போஸில் பாதிப் படம் எங்கே போகிறது?

கன்வல்யூஷன் ஃபில்டர் ஒவ்வொரு பிக்சலையும் அதன் அண்டைப் பிக்சல்களையும் ஒரு சின்ன எண் கட்டத்தால் (கர்னல்) பெருக்கிக் கூட்டி, புது மதிப்பு தரும். கர்னல் எண்ணைத் தப்பாக அடித்தால் திரையிலேயே தெரிந்துவிடும், அதை விட்டுவிடலாம். சத்தமில்லாமல் படத்தைக் கெடுக்கும் தவறுகள்தான் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகின்றன.

மைனஸ் மதிப்புகளைத் தொலைப்பது

எம்போஸுக்கு (படத்தைப் புடைத்த மாதிரி காட்டும் விளைவு) எல்லோரும் எடுக்கும் கர்னல் இது:

-1 -1 0
-1 0 1
0 1 1

கூட்டுத்தொகை பூஜ்யம். அதனால் சமமான பரப்பு முழுக்கக் கறுப்பாகும். இடப்பக்கம் 100, நடுவிலும் வலப்பக்கமும் 180 என்று ஓர் ஓரம் இருந்தால் விடை +160. அதே ஓரம் தலைகீழாக இருந்தால் -160. 8 பிட் படத்தில் மதிப்பு 0 முதல் 255 வரைதான், பூஜ்யத்துக்குக் கீழே இடமில்லை. -160 அப்படியே 0 ஆகிவிடும். புடைப்பின் நிழல் பக்கம் மொத்தமும் போய், கறுப்புத் தாளில் வெள்ளைக் கோடு போட்ட மாதிரி ஒரு படம் மிஞ்சும்.

ஆஃப்செட் 128 கொடுக்க வேண்டும், அதாவது விடையோடு 128 கூட்ட வேண்டும் என்பது பலருக்குத் தெரியும். ஆனால் எப்போது கொடுப்பது என்பதில்தான் கோட்டை விடுகிறார்கள். ஓப்பன்சிவி என்ற பட நிரல் நூலகத்தில் ஃபில்டர்2டி-யை -1 ஆழத்தில் (விடையும் மூலப்படம் போல 8 பிட்டிலேயே) ஓட்டிவிட்டு, அடுத்த வரியில் 128 கூட்டுகிறார்கள். வெட்டுப்பட்டது அதற்கு முன்பே வெட்டுப்பட்டாயிற்று. சாம்பல் பின்னணி மட்டும் கிடைக்கும், நிழல் திரும்பாது. பார்வைக்கு எம்போஸ் மாதிரியே இருப்பதால் யாரும் சந்தேகப்படுவதில்லை, அதுதான் எரிச்சல். மூலப்படத்தின் மேலேயே சேமித்திருந்தால் மீட்க வழியே கிடையாது.

சரியான முறை: டெல்டாவை (ஃபில்டர்2டி-யில் ஆஃப்செட்டின் பெயர்) 128 என்று ஃபில்டருக்குள்ளேயே கொடுங்கள், அல்லது மைனஸ் எண்களையும் தாங்கும் 32 பிட் ஃப்ளோட்டில் கணக்கிட்டுக் கடைசியில் 8 பிட்டுக்கு மாற்றுங்கள். அப்போதும் 128+160=288, மேல்பக்கம் வெட்டும். கர்னலை 2-ஆல் வகுத்தால் 208-ம் 48-ம் வரும். இரண்டு பக்கமும் பிழைக்கும். ஃபோட்டோஷாப்பின் கஸ்டம் ஃபில்டரில் ஸ்கேல் (வகுக்கும் எண்) 2, ஆஃப்செட் 128. சந்தேகமிருந்தால் ஹிஸ்டோகிராமை (பிக்சல் மதிப்புகளின் பரவல் வரைபடம்) பாருங்கள்: மேடு 128-ஐச் சுற்றி இருபுறமும் சரிய வேண்டும்.

மூன்று நிறச் சேனலிலும் எம்போஸ்

ஓரங்களில் சிவப்பு, பச்சைக் கீற்று ஓடும். கறுப்பு வெள்ளைப் பிரதியில் செய்து, ஓவர்லே லேயராக மேலே வையுங்கள். நடுச்சாம்பல் தானாக மறைந்துவிடும்.

ஒளியின் திசை

ஓப்பன்சிவி கர்னலைத் திருப்பாமல் போடும். சைபை என்ற பைதான் நூலகத்தின் கன்வால்வ் 180 பாகை திருப்பிப் போடும். ஒரே எண்களுக்கு ஒன்றில் ஒளி மேல் இடமிருந்து விழும், மற்றதில் கீழ் வலமிருந்து. பின்னதில் மேடான இடம் பள்ளம் போலத் தெரியும்.

சின்னப் படத்தில் சோதித்து, பெரிய படத்தில் ஓட்டுவது

600 பிக்சல் அகலத்தில் அழகாக விழுந்த 3×3 விளைவு 6000 பிக்சல் படத்தில் கண்ணுக்கே தெரியாது. கர்னல் பக்கத்துப் பிக்சலைத் தாண்டிப் பார்ப்பதில்லை. முதலில் இறுதி அளவுக்குக் குறையுங்கள், பிறகு ஃபில்டர்.

இரைச்சலைக் குறைக்காமல் கூர்மையாக்குவது

நடுவில் 5, நான்கு பக்கமும் -1 என்ற கர்னல் தனித்தனிப் பிக்சல் இரைச்சலை ஏறக்குறைய 5.4 மடங்காக்கும் (29-இன் வர்க்கமூலம்). கொஞ்சம் காசியன் மங்கல் (நடுப் பிக்சலுக்கு அதிக எடை தருவது) முதலில்.

மங்கல் கர்னலை வகுக்க மறப்பது

ஒன்பது 1 கொண்ட 3×3 கர்னலுக்கு ஸ்கேல் 9.

ஜேபெக்கில் ஓரம் தேடுவது

ஜேபெக் படத்தை 8×8 பிக்சல் கட்டங்களாகச் சுருக்குவதால், கட்டங்களின் ஓரங்களும் சேர்ந்து வரலாம். ரா கோப்பிலிருந்து (கேமராவின் மூலக் கோப்பு) தொடங்குங்கள்.