காயப்பட்டோர் சங்கத்துக்கு வயதாகும்போது நாங்கள் விடும் பிழைகள்

2009 மே மாதத்தில், போரின் கடைசி நாட்களில், இருபது வயதில் ஒரு காலை இழந்தவர் இப்போது முப்பத்தைந்தைக் கடந்துவிட்டார். 1990களில் போரில் காயப்பட்டவர்கள் ஐம்பதையும் அறுபதையும் தொட்டு நிற்கிறார்கள். உடம்பு அந்தக் கணக்கில் போவதில்லை. வருடக்கணக்காக ஊன்றுகோலில் பாரம் கொடுத்த, சக்கர நாற்காலியை உருட்டிய தோள், வயதுக்கு முன்பே தேய்ந்துவிடும். வட இலங்கையின் வன்னியில் இவர்கள் கூடி நடத்தும் சங்கங்களும் அப்படித்தான் களைத்துப் போகின்றன.

பெரிய பிழை மரியாதையால் வருகிறது. ஒவ்வொரு வருடாந்தப் பொதுக்கூட்டத்திலும் பழைய பொறுப்பாளரைக் காட்டி “அண்ணையே இருக்கட்டும்” என்று ஒருவர் முன்மொழிவார், கைதட்டி முடித்துவிடுவோம். நான் செயலாளராக இருந்த சங்கத்தில் பொருளாளர் மாரடைப்பில் திடீரென்று போய்விட்டார். காசோலைக்கு அவருடைய கையொப்பம் கட்டாயம். புதியவரைத் தெரிவுசெய்து, கூட்டத்தின் அறிக்கை எழுதி, கடிதங்கள் எடுத்து, வங்கியில் பெயர் மாற்ற நான்கு மாதம் போனது. அவ்வளவு நாளும் படுக்கைப் புண்ணோடு கிடந்த ஒரு தம்பிக்கு மருந்துக்காசு கொடுக்க முடியவில்லை. கணக்கில் பணம் இருந்தது. அதை நினைத்தால் இன்றும் மனம் ஆறாது.

மூன்று பேரின் கையொப்பத்தைப் பதிந்து, எந்த இருவர் இட்டாலும் செல்லும் என்று வங்கியில் எழுதிக் கொடுங்கள். பொருளாளர் நன்றாக இருக்கும்போதே இன்னொருவர் பக்கத்திலிருந்து கணக்குப் புத்தகம் எழுதிப் பழகட்டும். யாப்பு (சங்கத்தின் விதிகள்), பதிவுச் சான்றிதழ், அங்கத்தவர் பட்டியல் ஆகியவற்றின் பிரதிகள் இரண்டு வீடுகளில் இருக்கட்டும். இடப்பெயர்வில் பத்திரங்களைத் தொலைத்த எங்களுக்கு இதற்குக் காரணம் சொல்லத் தேவையில்லை.

மரண உதவிக் கணக்கிலும் ஏமாந்துவிடுகிறோம். சாவு விழும்போது ஆளுக்கு 200 ரூபாய் சேர்ப்பது வழக்கம் என்று வைப்போம். அறுபது பேர் இருந்தால் 12,000 ரூபாய் சேரும். முப்பத்தைந்து பேராகக் குறைந்தால் 7,000 ரூபாய்தான். சாவு கூடும் காலத்தில் காசு குறையும். கடைசியாக மிஞ்சுபவர்கள் எல்லோருக்கும் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு நிற்பார்கள். அங்கத்தவர் நிறைய இருக்கும்போதே மாதச் சந்தாவில் ஒரு பங்கை நிலையான வைப்பில் போடத் தொடங்குங்கள்.

எங்கள் பிள்ளைகளைக் கதிரை அடுக்கவும் தேத்தண்ணி கொடுக்கவும் மட்டும் கூப்பிட்டால் அடுத்த வருடம் வரமாட்டார்கள். அவர்களையும் அங்கத்தவராக்குங்கள். சங்கம் கைமாறிவிடும் என்ற பயம் நியாயமானது. ஆகவே நிர்வாக சபையில் பாதிக்கு மேல் காயப்பட்டவர்களே இருக்க வேண்டும் என்று யாப்பில் எழுதிவிடுங்கள். புதிதாகச் சேர வருபவரிடம் காயம் எப்படி வந்தது என்று கேட்கவே வேண்டாம். அந்தக் கேள்விக்குப் பயந்தே வராமல் இருப்பவர்கள் எங்கள் ஊர்களில் இன்னும் இருக்கிறார்கள்.

காலபோக நெல் அறுவடை நேரத்தில் கூட்டம் வைக்காதீர்கள். படியேறிப் போகும் மண்டபத்திலும் வைக்காதீர்கள்.

“மூன்று கூட்டத்துக்கு வராவிட்டால் பெயர் நீக்கம்” என்ற விதி பல யாப்புகளில் உண்டு. முல்லைத்தீவு மாவட்டத்தின் ஒட்டுசுட்டானுக்கு உள்ளே ஒரு ஊரிலிருந்து பஸ் ஏறவே இரண்டு பேர் தூக்கிவிட வேண்டியவருக்கு அந்த விதி என்ன செய்யும்? பெயரை வெட்டுவதற்கு முன் ஒருவர் அவருடைய வீட்டுப் படலையில் நின்று கூப்பிடட்டும். அடுத்த கூட்டத்தை அந்த முற்றத்திலேயே வைக்கலாம்.