ஹெல்த் சரிந்த பிறகு ராம்பார்ட் எதற்கு?

ஃபைனல் ஃபேண்டஸி 14 ஆன்லைன் ஆட்டத்தில், குழுவுக்காக முன்னால் நின்று அடி வாங்குகிற டேங்க் ஆகிறவர்களில் பாதிப் பேர் ஆசைப்பட்டு ஆவதில்லை. டிபிஎஸ்ஸாக (எதிரியை அடிப்பதே வேலையாக இருப்பவர்) க்யூ போட்டால் காத்துக் கிடக்க வேண்டும், டேங்க் என்றால் உடனே உள்ளே போய்விடலாம் என்று நண்பன் சொல்லியிருப்பான். சரி என்று கிளாடியேட்டராகத் தொடங்கி, 30ஆம் லெவலில் பாலடின் என்ற டேங்க் ஆகி, கேடயத்தோடு குழுவாகப் போகிற டன்ஜனுக்குள் வந்து நிற்பார்கள். நான் இப்போது அதிகம் ஹீலராக, அதாவது மற்றவர்களின் ஹெல்த்தை ஏற்றுகிறவராகத்தான் விளையாடுகிறேன். நான் டேங்க் கற்றுக்கொண்ட காலத்துக் கூத்தெல்லாம் இன்னொருவர் உருவத்தில் எனக்கு முன்னால் ஓடுவதைத் தினமும் பார்க்கிறேன்.

ஸ்டான்ஸ் (எதிரிகளின் கவனத்தைத் தன் மேல் வைத்துக்கொள்கிற நிலை) போட மறப்பது, கூட்டத்தில் ஒரே மான்ஸ்டரை மட்டும் அடிப்பது போன்றவற்றை இங்கே எழுதப் போவதில்லை. நாலு பேர் சுட்டிக்காட்டினால் அவை தானாகச் சரியாகும். யாரும் சுட்டிக்காட்டாமல், ஹீலர் தலையில் பழியைப் போட்டுவிட்டு 90ஆம் லெவல் வரைகூடக் கொண்டுபோகிற தவறு ஒன்று உண்டு. அதிலிருந்து தொடங்குகிறேன்.

ஹெல்த் குறையும் வரை தற்காப்பை அழுத்தாமல் இருப்பது

சமீபத்தில் ஸ்டோன் விஜில். 41ஆம் லெவல் டன்ஜன். பாலடின் தைரியசாலி. இரண்டு மான்ஸ்டர் கூட்டத்தையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய்ச் சுவரோரம் நிறுத்தினார். அதில் தப்பே இல்லை, எனக்கும் அப்படிப் போவதுதான் பிடிக்கும். ஆனால் நின்ற பிறகு ஒன்றும் நடக்கவில்லை. இயங்குகிற ஸ்கில்களைக் காட்டும் அவருடைய பஃப் வரிசையில் ஸ்டான்ஸைத் தவிர எதுவும் இல்லை. நான் ரீஜென் என்ற ஹீலைப் போட்டு, க்யூர் 2 மேல் க்யூர் 2ஆகக் கொட்டிக்கொண்டிருக்கிறேன். அவர் ஹெல்த் 60, 40, 20 என்று இறங்குகிறது. 15 சதவீதத்தில் ராம்பார்ட், சென்டினல் என்ற தற்காப்பு ஸ்கில்கள் இரண்டையும் ஒன்றாக அழுத்தினார். அடுத்த அடியில் விழுந்தார். எல்லோரும் செத்து, திரும்ப எழுந்து வந்ததும் சாட்டில் ஒரே வார்த்தை: "ஹீல்?"

இரண்டாம் முறையும் அதே கதை.

ராம்பார்ட் ஹெல்த்தைத் திருப்பித் தராது. இனிமேல் வாங்கப்போகிற அடியில் 20 சதவீதத்தைக் குறைக்கும், 20 நொடிக்கு. அவ்வளவுதான். ஏற்கெனவே வாங்கிய அடிக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. 15 சதவீதத்தில் அதை அழுத்துவது கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். எண்கள் கற்பனைதான். உங்கள் ஹெல்த் 10,000. கூட்டம் நொடிக்கு 1,000 அடிக்கிறது, ஹீலர் நொடிக்கு 700 ஏற்றுகிறார். நொடிக்கு 300 இழப்பு. 20 நொடியில் 6,000 போய்விடும். ராம்பார்ட்டை முதல் நொடியிலேயே அழுத்தியிருந்தால் அடி 800 ஆகிறது, இழப்பு நொடிக்கு 100. 20 நொடியில் போவது 2,000 மட்டும். அடி குறைந்தது ஐந்தில் ஒரு பங்கு, ஹெல்த் இழப்பு குறைந்தது மூன்றில் இரண்டு பங்கு. ஹீலருக்கு நடுவில் இரண்டு அடி அடிக்கக்கூட நேரம் கிடைக்கும்.

இன்னொன்று, கூட்டம் முழுசாக உயிரோடு இருப்பது ஆரம்பத்தில்தான். எட்டு மான்ஸ்டரும் சேர்ந்து அடிக்கிற நேரம் அது. அரை நிமிடம் கழித்து நாலு செத்திருக்கும், மிச்சம் நாலின் அடிக்கு ஹீலர் ஒருவரே போதும். அடி உச்சத்தில் இருக்கும்போது பொத்தானைத் தொடாமல், ஓய்ந்த பிறகு தொடுகிறார்கள் என்பதுதான் எனக்கு எரிச்சல்.

அப்புறம், எல்லாவற்றையும் ஒன்றாக அழுத்துவது. ராம்பார்ட்டின் 20, சென்டினலின் 30, ஆக மொத்தம் 50 என்று நினைக்கிறார்கள். கணக்கு அப்படி இல்லை. முதலாவது 100ஐ 80 ஆக்குகிறது. இரண்டாவது அந்த 80இல் 30 சதவீதத்தைக் கழிக்கிறது. கைக்கு வருவது 56. அதாவது 44 சதவீதக் குறைப்பு. சென்டினல் 15 நொடி, ராம்பார்ட் 20 நொடி. ஒன்றாக அழுத்தினால் 20 நொடியில் இரண்டும் காலி. ஒன்று முடிந்து மற்றொன்று என்று போனால் 35 நொடி தாங்கும். பெரும்பாலான கூட்டம் அதற்குள் செத்துவிடும்.

நான் புதியவர்களுக்குச் சொல்வது இதைத்தான். முதல் இழுப்புக்கு ராம்பார்ட்டும் ஆர்ம்ஸ் லெங்த்தும். ஆர்ம்ஸ் லெங்த்தை உதைத்துத் தள்ளுவதைத் தடுக்கிற ஸ்கில் என்று மட்டும் நினைத்து ஒதுக்கிவிடுகிறார்கள். உங்களை நேரடியாக வந்து அடிக்கிற சின்ன மான்ஸ்டர்களை அது 15 நொடி மந்தமாக்கும். கூட்டத்தில் அதுவும் ஒரு தற்காப்புதான். இரண்டாம் இழுப்புக்கு சென்டினலும், சுற்றி நிற்கிற எதிரிகளின் அடியைக் குறைக்கிற ரிப்ரைசலும். ராம்பார்ட் 90 நொடியில் திரும்பி வந்துவிடும் என்பதால் மூன்றாம் இழுப்புக்குப் பெரும்பாலும் கையில் இருக்கும். பாலடினுக்கு 35ஆம் லெவலில் ஷெல்ட்ரான் என்ற கேடயத் தற்காப்பு வந்துவிடுகிறது. அதற்குச் செலவாகிற ஓத் கேஜ் நிரம்பி வழிந்துகொண்டிருக்க, அந்தப் பொத்தான் தூங்குவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். வாரியர், டார்க் நைட், கன்பிரேக்கர் என்று மற்ற டேங்க் யாரானாலும் பெயர்கள்தான் மாறும், 30 சதவீதம் குறைக்கிற பெரிய ஸ்கில் ஒன்று எல்லோருக்கும் 38ஆம் லெவலிலேயே உண்டு.

ஒரே ஒரு விதிவிலக்கு. ஹீலர் ஒயிட் மேஜ் வகையாக இருந்து, 45ஆம் லெவல் தாண்டி ஹோலி என்ற மந்திரம் வைத்திருந்தால், முதல் ஹோலி கூட்டத்தை 4 நொடி அசைய விடாது. அடுத்தது அதில் பாதி, அதற்கடுத்தது அதிலும் பாதி, பிறகு பலிக்காது. அந்த நேரத்தில் யாரும் அடிக்கப் போவதில்லை என்பதால் சில நொடி பொறுத்து அழுத்தலாம். சில நொடிதான்.

பாஸுக்காகச் சேர்த்து வைப்பது

மேலே சொன்ன தவறின் தம்பி. சாதாரண டன்ஜன் பாஸின் அடி, எட்டு மான்ஸ்டர் கூட்டத்தின் அடியில் பாதிகூட வராது. டேங்க்பஸ்டர் (டேங்கைக் குறிவைத்து விழுகிற பெரிய அடி) ஒன்றுக்கு மட்டும் ஏதாவது ஒன்றைக் கையில் வைத்திருங்கள். பாலடினின் ஹாலோட் கிரவுண்டையும் இப்படித்தான் பொக்கிஷமாகப் பூட்டி வைக்கிறார்கள். 10 நொடி எந்த அடியும் படாது, திரும்பி வர 7 நிமிடம். டன்ஜன் 20 நிமிடம் என்றால் இரண்டு முறையாவது போடலாம். பெரிய கூட்டத்தில் போடுங்கள்.

ஹீலரைத் தொலைத்துவிட்டு ஓடுவது

ஸ்பிரின்ட் போட்டு ஒரு மூலை திரும்பி மறைந்துவிடுவார்கள். சுவருக்குப் பின்னால் இருப்பவரை என்னால் ஹீல் செய்ய முடியாது. ஓட வேண்டாம் என்று சொல்லவில்லை. திரும்பிய பிறகு ஹீலர் வருகிற வழி தெரிகிற இடத்தில் நில்லுங்கள். போகிற வழியில் கூட்டத்துக்கு மொத்தமாக ஒரு அடி போட்டுவிட்டு ஓடுங்கள். இல்லையென்றால் நான் ரீஜென் போட்ட அடுத்த நொடி எல்லாம் என்னைத் துரத்தும்.

எவ்வளவு இழுப்பது என்று குழப்பமாக இருந்தால் உள்ளே நுழைந்ததும் கேட்டுவிடுங்கள். "புதுசு, கொஞ்சம் கொஞ்சமாக இழுக்கிறேன்" என்று எழுதினால் யாரும் கடிக்க மாட்டார்கள். மனிதர்களோடு போகக் கூச்சமாக இருந்தால், 2022இல் வந்த டியூட்டி சப்போர்ட் இருக்கிறது. கம்ப்யூட்டர் ஆட்டக்காரர்கள் முணுமுணுப்பதில்லை.

இன்னொரு டேங்க் இருக்கும்போது ப்ரொவோக்

ப்ரொவோக் பாஸின் கவனத்தை அந்த டேங்கிடமிருந்து உங்கள் பக்கம் பறித்துவிடும். அவர் கேட்காமல் தொடாதீர்கள்.

பாஸைச் சுற்றிச் சுற்றி இழுப்பது

பாஸின் முகம் நம் குழுவினர் பக்கம் திரும்பாமல் ஒருமுறை நிறுத்தினால் போதும். மங்க், சாமுராய் போன்றவர்கள் முதுகுப் பக்கமும் விலாப் பக்கமும் மாறி மாறி நின்று அடித்தால்தான் முழு டேமேஜ் வரும். நீங்கள் அடி விழப்போகிற இடமாகத் தரையில் தெரிகிற ஒவ்வொரு வட்டத்துக்கும் பாஸைக் கூட்டிக்கொண்டு உலாப் போனால் அவர்கள் மனதுக்குள் என்ன சொல்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். அச்சில் போட முடியாது.

பழைய மோதிரம்

லெவல் 50இல் 30ஆம் லெவல் மோதிரம். ஐயா, போயட்டிக்ஸ் என்ற ஆட்டக் காசைக் கொடுத்தால் மோர் டோனா பகுதியில் நல்லதாகக் கிடைக்கும்.

வட்டம் மறையும் வரை நிற்பது

இது நம் ஊரிலிருந்து விளையாடுகிறவர்களுக்கு. இந்தியாவில் இந்த ஆட்டத்துக்கு சர்வர் கிடையாது. ஜப்பானோ ஐரோப்பாவோ, எங்கே சேர்ந்தாலும் பிங் (சர்வருக்குத் தகவல் போய் வருகிற தாமதம்) இருக்கத்தான் செய்யும். அடி விழுகிற காட்சி திரையில் வரும்போது வெளியே வந்துவிட்டேனே, எப்படிப் பட்டது என்று கேட்பார்கள். பாஸின் காஸ்ட் பார் (அடி தயாராவதைக் காட்டும் பட்டை) முடிகிற கணத்தில் நீங்கள் எங்கே நின்றீர்கள் என்பதைத்தான் சர்வர் பார்க்கிறது. அதற்குப் பிறகு வருகிற வெடிப்பெல்லாம் வெறும் வேடிக்கை. அதனால் கண்ணைத் தரையில் வைக்காமல் காஸ்ட் பாரில் வையுங்கள், அது முழுதாக நிறைவதற்குள் வெளியே வந்துவிடுங்கள். நிறைந்துவிட்டால் அந்த வட்டத்துக்குள்ளேயே திரும்ப நடந்து போகலாம், ஒன்றும் ஆகாது.