கற்பனைக் கோளின் அளவும் அதைத் தகர்க்கும் ஆற்றலும்

கதையில் வரும் கோளின் ஆரத்தைக் கணக்கிட, படத்தில் முழுக் கோளும் தெரியாவிட்டாலும் அதன் விளிம்பின் ஒரு வளைவு போதும். வளைவின் இரு முனைகளை நேர்கோட்டால் இணைத்து அதன் நீளத்தையும், கோட்டின் நடுவிலிருந்து வளைவுக்குள்ள உயரத்தையும் பிக்சலில் அளக்கவும். நீளத்தின் வர்க்கத்தை உயரத்தின் எட்டு மடங்கால் வகுத்து, உயரத்தில் பாதியைக் கூட்டினால் ஆரம். நீளம் 1200, உயரம் 60 என்றால் ஆரம் 3030 பிக்சல். உயரத்தில் ஐந்தாறு பிக்சல் பிசகினாலே விடை பத்து சதவீதம் மாறிவிடும். பெரிதாக்கி அளப்பது நல்லது.

பிக்சலைக் கிலோமீட்டராக்க, கோளின் தூரத்திலேயே உள்ள, அளவு தெரிந்த பொருளை மட்டும் எடுங்கள். கேமராவுக்கு அருகே நிற்கும் விண்கலத்தை வைத்து அளந்தால் கோள் சுருங்கிவிடும். பெரும்பாலான கணக்குகள் கெடுவது இங்கேதான்.

அடுத்து, கோளைச் சிதறடிக்கத் தேவையான குறைந்தபட்ச ஆற்றல்: கோளின் மேற்பரப்பில் உள்ள ஈர்ப்பு முடுக்கத்தின் வர்க்கம் × ஆரத்தின் கனம் × 0.6 ÷ ஈர்ப்பு மாறிலி (6.674×10⁻¹¹). எல்லாம் மீட்டர், வினாடியில் இருக்க வேண்டும். ஆரம் 3000 கி.மீ., முடுக்கம் 10 என்றால் சுமார் 2.4×10³¹ ஜூல். பூமிக்கு இதே சூத்திரத்தில் ஏறத்தாழ 2.2×10³² ஜூல்.

ஆனால் 3000 கி.மீ. கோளுக்கு முடுக்கம் 10 என்பதை நம்பலாமா? அதற்கு அடர்த்தி கன மீட்டருக்கு 11,900 கிலோ வருகிறது, இரும்பே 7,870தான். பூமியைப் போல 5,500 என்று கொண்டால் முடுக்கம் 4.6, ஆற்றல் 5.2×10³⁰ ஜூல். கதை ஈர்ப்பைச் சொல்லாதபோது இதுவே நியாயமான மதிப்பு.

துண்டுகள் வேகமாகப் பறந்தால் அவற்றின் இயக்க ஆற்றலையும் கூட்டவும். மேலோடு மட்டும் பிளந்தால் இந்தச் சூத்திரம் பொருந்தாது.