ஐடியாவைப் பூட்டி வைக்காதீர்கள், பாதிப் பங்கும் கேட்காதீர்கள்: தொழில் தொடங்குகிறவர்கள் விடுகிற பிழைகள்

கறுத்தக்கொழும்பான் மாம்பழத்தை ஜாமாக்கிப் போத்தலில் அடைத்தால் வருஷம் முழுக்க விற்கலாம். யாழ்ப்பாணத்தில் இந்த யோசனை வராத ஆளைத் தேடிப் பிடிப்பதுதான் கஷ்டம். பழம் கொட்டிக் கிடக்கிற நாட்களில் எந்த வீட்டு விறாந்தையிலும் யாரோ ஒருவர் இதைச் சொல்வார், மற்றவர்கள் ‘ஓம், நல்ல ஐடியா’ என்பார்கள். அடுத்த வருஷம் அதே கதை இன்னொருவர் வாயிலிருந்து வரும்.

சோம்பல் மட்டும் இதற்குக் காரணம் என்று நான் நினைக்கவில்லை. யோசனைக்கும் தொழிலுக்கும் நடுவில் என்ன கிடக்கிறது என்பது பற்றி நம்மிடம் சில பிழையான எண்ணங்கள் ஊறிப்போயிருக்கின்றன. ஒன்றில் அவை தொடங்கவே விடுவதில்லை, இல்லாவிட்டால் தொடங்கிய கையோடு மூட வைக்கின்றன.

இவற்றில் பெரியது, யோசனையை ஒளித்து வைப்பது. ‘சொன்னால் எடுத்துப்போடுவாங்கள்’ என்ற பயம். ஒரே யோசனை ஒரே காலத்தில் பலருக்கு வருவது சாதாரணம். தொலைபேசிக்கான உரிமை கோரி அலெக்சாண்டர் கிரகாம் பெல்லின் விண்ணப்பமும், எலைஷா கிரேயின் ஆவணமும் அமெரிக்கக் காப்புரிமை அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்தது ஒரே நாளில்தான், 1876 பெப்ரவரி 14. தொலைபேசிக்கே அப்படியென்றால் மாம்பழ ஜாமுக்குச் சொல்லவா வேண்டும்?

சட்டமும் வெறும் யோசனைக்குக் காவல் நிற்பதில்லை. இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், வியாபாரம் செய்கிற முறைகளுக்கு ஆக்கவுரிமை, அதாவது காப்புரிமை, இல்லை என்கிறது. அலுவலகங்களுக்கு மத்தியானச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுப்பது என் யோசனை, வேறு யாரும் செய்யக்கூடாது என்று ஒருவரும் உரிமை எடுக்க முடியாது. உங்கள் பெயரையும் குறியையும் வர்த்தகக் குறியாகப் பதியலாம். உண்மையிலேயே புதிதாக ஒரு கருவியைச் செய்திருந்தால் கதை வேறு, ஊருக்குக் காட்டுவதற்கு முன்பே விண்ணப்பம் போடுவது புத்திசாலித்தனம். மற்றபடி வாய்க்குள் வைத்திருக்க வேண்டியவை சில்லறை விஷயங்கள்தான்: கலவை அளவு, மலிவாகப் போத்தல் தருகிற ஆள், யார் எவ்வளவு வாங்குகிறார்கள் என்ற கொப்பி.

ஒளித்து வைப்பதால் வருகிற நட்டம் கண்ணுக்குத் தெரியாது. ஏற்கெனவே ஜாம் போடுகிற ஓர் அக்காவிடம் வாய் திறந்திருந்தால் பத்து நிமிஷத்தில் சொல்லியிருப்பார்: பழம் கொஞ்சம் கொஞ்சமாக வராது தம்பி, எல்லாம் ஒன்றாகப் பழுக்கும், வெளியே வடிவாக இருக்கிற பழத்தை வெட்டினால் உள்ளே புழு இருக்கும், அந்தக் கழிவையும் கணக்கில் போடுங்கோ என்று. அவரிடம் போகாதவர் இதையெல்லாம் காசு கொடுத்துத்தான் அறிகிறார்.

அப்புறம் பாராட்டை நம்புவது. சொந்தக்காரர் ‘நல்ல ருசி’ என்றால் அது அன்பு, விற்பனை இல்லை. அன்பா விற்பனையா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது: ‘அப்ப ரெண்டு போத்தலுக்கு இப்பவே காசு தாறீங்களோ?’ என்று கேட்டுப் பாருங்கள். இதேபோல இன்னொரு மயக்கம் நல்லூர்த் திருவிழா. 25 நாள் திருவிழா, வெளிநாட்டிலிருந்து வந்து நிற்கிற சனம், பை நிறையக் காசு. அங்கே ஸ்டோல் போட்டு எல்லாம் விற்றுத் தீர்ந்ததும், தொழில் ஓடும் என்று முடிவெடுத்து விடுகிறார்கள். கார்த்திகை மழையில் அந்தச் சனம் இருக்காது. திருவிழாவில் விற்பது நல்லதுதான், ஆனால் சோதனையை வேறொரு மாதத்தில் வையுங்கள்.

கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ அண்ணன் அனுப்புகிற காசும் இந்த மயக்கத்தைக் கூட்டுகிறது. வங்கி என்றால் நாலு கேள்வி கேட்கும். அண்ணன் கேட்பதில்லை. கேள்வி இல்லாமல் வருகிற காசில் முதலில் எழும்புவது போர்ட், பெயின்ட், ஏசி, திறப்பு விழா, முகநூல் பக்கம். போத்தலோ இன்னும் வந்திருக்காது. பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயர்ப் பதிவு, பொதுச் சுகாதாரப் பரிசோதகரைச் சந்திப்பது, லேபலில் உற்பத்தித் திகதியும் காலாவதித் திகதியும் சேர்ப்பது போன்ற சின்ன வேலைகள் எல்லாம் கடைசி வாரத்துக்கு ஒதுங்கியிருக்கும்.

ஆனால் தொழிலைச் சாய்ப்பது பெரும்பாலும் கணக்கு. கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம். எண்கள் உதாரணத்துக்குத்தான். ஒரு போத்தல் ஜாம் செய்ய 350 ரூபா முடிகிறது, விலை 600 என்று வைத்துக்கொள்வோம். விறாந்தைக் கணக்கில் போத்தலுக்கு 250 இலாபம், 100 போத்தலுக்கு 25,000. இனி, அந்தப் போத்தல்களோடு கடைக்குப் போகிறீர்கள். முதலாளி ஏறிட்டுப் பார்த்துவிட்டுச் சொல்கிற வசனம் திருநெல்வேலியிலும் சுன்னாகத்திலும் ஒன்றுதான்: ‘வைச்சிட்டுப் போங்கோ தம்பி, வித்தால் காசு தாறன்.’

விற்றுத் தருவதற்கு அவருக்கு விலையில் 20 வீதம் கழிவு. உங்கள் கைக்கு வருவது 480. நூறில் 85தான் விற்கிறது. மிச்சம் மூடி இளகியது, உடைந்தது, திகதி முடிந்து திரும்பி வந்தது. 85 போத்தலுக்கு 40,800 ரூபா வரும். செய்வதற்கு 35,000 போய்விட்டது. மிஞ்சுவது 5,800. இதற்குள்தான் பத்துக் கடை ஏறி இறங்கிய பெற்றோலும், நீங்களும் அம்மாவும் அடுப்படியில் நின்ற நாட்களின் கூலியும் அடங்க வேண்டும்.

இதைவிடக் கொடுமை, காசு வருகிற நேரம். கடைக்காரர் இரண்டு மாதம் கழித்துத் தருகிறார். அதற்குள் பழக்காலம் முடிந்துவிடும். அடுத்த நூறு போத்தலுக்குப் பழம் வாங்க வேண்டிய 35,000, கடைத் தட்டுகளில் போத்தலாக நிற்கிறது. இலாபத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போதே கையில் காசில்லாமல் மூடுகிற தொழில்கள் இப்படித்தான் மூடுகின்றன. முழு வருஷத்துக்குமான முதலீடு சில கிழமைகளுக்குள் தேவைப்படும் என்று தெரிந்தவர், நாலு கடைக்கு மட்டும் போட்டு, காசு கொடுத்து எடுக்கிறவருக்குக் கழிவைக் கூட்டிக் கொடுப்பார். இந்தச் சின்ன முடிவுக்குத்தான் நான் ‘ஐடியா’ என்ற பெயரைக் கொடுப்பேன், ஜாமுக்கு இல்லை.

சரி, அப்படியென்றால் யோசனைக்கு மதிப்பே இல்லையா? இதுவும் ஒரு பிழைதான், இப்போது இப்படிச் சொல்வது கொஞ்சம் நாகரிகமாகவும் ஆகிவிட்டது. ஒரு வீதியில் ஜூஸ் கடை ஓடினால் அடுத்த வருஷம் அதே வீதியில் நாலு. வெங்காயத்துக்குப் போன போகம் விலை என்றால் இந்தப் போகம் எல்லாத் தறையிலும் வெங்காயம், சந்தையில் விலை படுத்துவிடும். அவர்கள் யாரும் உழைப்பில் குறைந்தவர்கள் இல்லை, விடியற்காலை நாலு மணிக்கு எழும்புகிறவர்கள். எதைச் செய்வது, யாருக்கு விற்பது என்று யோசிப்பதில்தான் குறை. நாலாவது ஜூஸ் கடையை எவ்வளவு சுத்தமாக நடத்தினாலும் அந்த வீதியில் போகிற தாகம் அவ்வளவுதான்.

கடைசியாக, பங்கு. ‘ஐடியா என்னுடையது, ஆகவே பாதி எனக்கு’ என்று ஒருவர், ஓடித் திரிகிறவர் இன்னொருவர், காசு போட்டவர் வெளிநாட்டில். முதல் நாளே சரிபாதி என்று பேசி முடிப்பார்கள். எழுத்தில் வைப்போமா என்றால் ‘சொந்தத்துக்குள்ள என்ன பேப்பர்?’ என்று முகம் மாறும். ஒரு வருஷத்தில் ஐடியாக்காரர் அரசாங்க வேலை கிடைத்துப் போய்விடுவார், பாதி மட்டும் அவர் பெயரிலேயே இருக்கும். ஓடித் திரிகிறவருக்கு வயிறு எரியாமல் என்ன செய்யும்?

பங்கை ஒரே நாளில் கொடுக்காமல், நின்று வேலை செய்கிற ஒவ்வொரு வருஷத்துக்கும் இவ்வளவு என்று நாலு வருஷத்துக்குப் பிரித்து எழுதுங்கள். யோசனைக்கென்று ஒரு சின்ன வீதம் ஒதுக்கலாம், தப்பில்லை. வேலைக்குச் சம்பளம் வேறு, பங்கு வேறு. விட்டுப்போகிறவர் பங்கை யார், என்ன கணக்கில் வாங்குவது, அண்ணனின் காசு கடனா முதலா, கடன் என்றால் எப்போது திருப்பிக் கொடுப்பது என்பதெல்லாம் அந்தப் பேப்பரில் இருக்க வேண்டும். இதை எழுதுவதற்கு நல்ல நேரம், இலாபமும் இல்லாமல் கோபமும் இல்லாமல் எல்லாரும் ஒன்றாக இருந்து தேத்தண்ணி குடிக்கிற அந்த முதல் மாதம்தான்.