வாங்காத நத்தை மீன் தொட்டிக்குள் வந்துவிட்டதா? இப்படிச் செய்யுங்கள்

புதுச் செடி வாங்கி வைத்து இரண்டு மூன்று வாரம் ஆகியிருக்கும். கண்ணாடியில் மிளகு அளவில் ஒன்று ஊர்வது தெரியும். அடுத்த மாதம் எண்ண முடியாத அளவுக்குப் பெருகியிருக்கும். என்னுடைய இரண்டடி கப்பி மீன் தொட்டியிலும் இப்படித்தான் வந்தன. இவை பாசியையும் அழுகிய இலையையும் மீன் விட்ட தீனியையும் தின்பவை. நல்ல நிலையில் இருக்கும் மீனை ஒன்றும் செய்யாது. அதனால் நிதானமாகத் தொடங்கலாம்.

படி 1: எந்த நத்தை என்று பாருங்கள்

வீட்டுத் தொட்டிக்கு அழையாமல் வருபவை பெரும்பாலும் மூன்று வகை. ஓடு மெலிதாக, முட்டை வடிவில், கூர்முனை மேலேயும் ஓட்டின் வாய் நம்மைப் பார்த்தும் இருக்கும்படி பிடிக்கும்போது அந்த வாய் இடப்பக்கம் இருந்தால் அது பிளாடர் நத்தை. கயிற்றைச் சுருட்டி வைத்தது போலத் தட்டையாக இருந்தால் ராம்ஸ்ஹார்ன். இந்த இரண்டிலும் ஒரே நத்தைக்குள் ஆண், பெண் இரண்டும் உண்டு. ஒன்று வந்தாலே போதும், இலையின் அடியில் ஜெல்லி போல முட்டையிடும்.

நீளமாகத் திருகாணி போல இருந்தால் மலேசியன் டிரம்பெட். பகலில் மணலுக்குள் இருக்கும், இரவில் வெளியே வரும், முட்டையிடாமல் குட்டி போடும். மணலைக் கிளறிக்கொண்டே இருப்பதால் இதை நான் விட்டுவைத்திருக்கிறேன். பட்டப்பகலில் இவை கூட்டமாகக் கண்ணாடியில் ஏறினால் தண்ணீரில் ஏதோ கோளாறு, உடனே அம்மோனியா (கழிவும் மிச்சத் தீனியும் அழுகி உண்டாகும் நச்சு) சோதனை செய்யுங்கள்.

படி 2: தீனியைக் குறையுங்கள்

இதைச் செய்யாமல் மற்ற எதைச் செய்தாலும் நத்தை திரும்ப வரும். தொட்டியில் எவ்வளவு மிச்சத் தீனி கிடக்கிறதோ அவ்வளவு நத்தை பிழைக்கும். இரண்டு நிமிடத்தில் மீன் தின்று முடிக்கும் அளவு மட்டும் போடுங்கள். வளர்ந்த மீன்களுக்கு வாரம் ஒரு நாள் தீனியே வேண்டாம். வீட்டில் குழந்தைகளும் போடுகிறார்கள் என்றால் ஒரு நாளுக்கான அளவை டப்பாவில் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். அப்புறம் வாரம் ஒருமுறை கால் பங்கு தண்ணீர் மாற்றும்போது சைஃபன் குழாயால் கற்களுக்கு இடையே கிடக்கும் கசடையும் உறிஞ்சி எடுங்கள்.

படி 3: இரவில் பொறி வையுங்கள்

விளக்கை அணைத்த பிறகு ஒரு துண்டு வெள்ளரிக்காயை முள்கரண்டியில் குத்தித் தொட்டியின் அடியில் வையுங்கள். காலையில் விளக்கு போடுவதற்கு முன் நத்தைகளோடு சேர்த்துத் தூக்கிவிடுங்கள். ஒரு வாரம் தொடர்ந்து செய்தால் வித்தியாசம் தெரியும். எடுத்ததைக் குளத்திலோ ஏரியிலோ கொட்டவே கூடாது. சின்ன நத்தைகளை நசுக்கிப் போட்டால் கப்பி, ஃபைட்டர் மீன்கள் எல்லாம் ஆசையாகத் தின்னும்.

படி 4: மருந்தும் புது மீனும் வேண்டாம்

நத்தை மருந்துகள் பலவற்றில் செம்பு இருக்கிறது. அது இறாலையும் கொல்லும். நூறு நத்தை ஒரே நாளில் செத்து அழுகினால் அம்மோனியா ஏறி மீனும் போகும். நான் ஒருமுறை அவசரப்பட்டு ஊற்றி, ஆறு மாதம் வளர்த்த இறால்கள் அத்தனையையும் இழந்தேன். இன்றும் அது மனதை உறுத்துகிறது.

நத்தை தின்னும் மீன் வாங்குவதிலும் யோசனை வேண்டும். கிளவுன் லோச் ஓர் அடி வரை வளரும். கேரள ஆறுகளில் வாழும் குட்டி பஃபர் மற்ற மீன்களின் துடுப்பைக் கடிக்கும்.

படி 5: அடுத்த செடியைச் சுத்தம் செய்த பிறகே வையுங்கள்

ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி படிகாரப் பொடி கரைத்து, செடியை இரண்டு மூன்று மணி நேரம் ஊறவிட்டு நன்றாக அலசுங்கள். முட்டைகள் இதற்கும் தப்பலாம். அதனால் வெளிச்சம் படும் இடத்தில் தனி பக்கெட்டில் மூன்று வாரம் வைத்திருங்கள். அவ்வப்போது இலையைத் திருப்பிப் பார்த்து, ஜெல்லி தெரிந்தால் நகத்தால் வழித்து எடுத்துவிடுங்கள்.