ஒலிம்பிக்கை வீட்டிலிருந்து பார்ப்பவர்கள் விடும் பிழைகள்

2024 ஓகஸ்ட் 5ஆம் திகதி காலை, இலங்கையில் திருகோணமலைக்குப் பக்கத்தில் இருக்கும் உப்புவெளியில் எங்கள் ஒழுங்கைப் பெடியன் ஒருவன் படலையில் நின்று கேட்டான்: "அண்ணை, இண்டைக்கு இரவுதானே நூறு மீற்றர் இறுதி? உங்கட ரிவியில பார்க்க நாலு பேர் வரலாமோ?" அந்த ஓட்டம் அன்று விடியப்புறமே பரிஸில் முடிந்திருந்தது. அவன் கையில் இருந்த தாளைப் பார்த்தேன். 12 வருடங்களுக்கு முன் நான் எழுதி வைத்த அதே மாதிரி எழுதியிருந்தான்.

ரிமோட்டுக்குப் பற்றரி வாங்கி வை, சனலை முதலே தேடி வை என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். பல தடவை பார்த்துப் பழகியவர்களும் விடுகிற பிழைகளைத்தான் இங்கே சொல்ல வருகிறேன்.

"இரவு 2 மணி" என்று எழுதுவது

2012 லண்டன் ஒலிம்பிக்கில் ஆண்கள் 100 மீற்றர் இறுதி ஓகஸ்ட் 5ஆம் திகதி இரவு 9.50க்கு. கோடைகாலத்தில் லண்டனைவிட நாங்கள் நாலரை மணி முன்னுக்கு. கணக்குச் சரியாகத்தான் போட்டேன்: 6ஆம் திகதி 2.20. அதை "6ஆம் திகதி இரவு 2.20" என்று கலண்டரில் எழுதி, மூதூரில் இருக்கும் மாமாவுக்கும் போன் எடுத்து அப்படியே சொன்னேன்.

மாமா கடலுக்குப் போகிறவர். பள்ளிக்கூட நாளில் ஓடியவர், உசைன் போல்ட் என்றால் உயிர். 6ஆம் திகதி இரவு தொழிலுக்கு வரமாட்டேன் என்று தோணிக்காரரிடம் சொல்லி வைத்தார். 5ஆம் திகதி இரவு வழமைபோலக் கடலுக்குப் போனார். அவர் வலை இழுத்துக்கொண்டிருந்த நேரம் போல்ட் 9.63 வினாடியில் ஓடி முடித்தார். நான் படுக்கையில் கிடந்தேன். காலையில் மாமாவின் போன் வந்தது: "மருமகன், ஓட்டம் முடிஞ்சுதெண்டு ரேடியோவில சொல்லுறான். நீங்கள் இண்டைக்கு எண்டெல்லோ சொன்னனீங்கள்?" எனக்குப் பதில் வரவில்லை. அந்த 9.63 இன்றும் ஒலிம்பிக் சாதனை. அதை நேரே பார்க்கிற ஒரே சந்தர்ப்பத்தை அவருக்கு இல்லாமல் ஆக்கியது நான் எழுதிய ஒரு சொல். இப்போது நினைத்தாலும் எரிச்சல் வருகிறது.

ஏன் இப்படி நடக்கிறது என்று பிறகு யோசித்தேன். எங்கள் பேச்சில் விடியும்வரை அதே நாள்தான். பஞ்சாங்கத்திலும் நாள் பிறப்பது சூரியன் உதிக்கும்போது. அதனால் "ஆறாம் திகதி இரவு ரெண்டு மணி" என்று கேட்கிறவர், ஆறாம் திகதி இரவுச் சாப்பாடு முடித்து, கொஞ்சம் படுத்து எழும்புகிற நேரம் என்றே விளங்கிக்கொள்வார். மணிக்கூட்டுக்கோ நள்ளிரவு 12க்கே திகதி மாறிவிடும். இரண்டு கணக்கும் மோதுவது நடுச்சாமம் தாண்டி வரும் போட்டிகளில் மட்டும்தான். ஐரோப்பாவில் நடந்தால் பெரிய இறுதிகள் பல எங்களுக்கு அந்த நேரத்தில்தான் வரும்.

அதனால் இப்போது நான் இரண்டு நாளையும் சேர்த்து எழுதுகிறேன்: "ஞாயிறு 5 இரவு படுத்து, திங்கள் 6 விடியப்புறம் 2.20க்கு எழும்புவது." நீளமாக இருந்தாலும் பரவாயில்லை, இதில் ஒருவரும் தவறவில்லை. வட்ஸ்அப்பில் அனுப்பும்போதும் இப்படியே அனுப்புங்கள். "இரவு" என்ற சொல்லை 12 மணிக்குப் பிறகு எழுதவே வேண்டாம்.

2016இல் ரியோ எட்டரை மணி பின்னுக்கு. அங்கே ஓகஸ்ட் 14ஆம் திகதி இரவு 10.25க்குத் தொடங்கிய 100 மீற்றர் இறுதி எங்களுக்கு 15ஆம் திகதி காலை 6.55. அதை மாமா தன் வீட்டில் இருந்தே பார்த்தார். அதிலும் போல்ட்தான் வென்றார், 9.81 வினாடியில்.

அரை மணியை விட்டுவிடுவது

எங்கள் நேரத்தில் ஒரு அரை மணி இருக்கிறது. பரிஸ் கோடையில் மூன்றரை மணி பின்னுக்கு, ஜப்பான் மூன்றரை மணி முன்னுக்கு. முழு மணியாகக் கூட்டிக் கழித்தால் 100 மீற்றர் மட்டுமில்லை, 1500 மீற்றரும் போய்விடும். 2006 ஏப்ரலுக்குப் பிறகு இந்திய நேரமும் எங்கள் நேரமும் ஒன்று என்பதால், இந்திய சனல்கள் போடும் நேரத்தை அப்படியே எடுக்கலாம்.

2028 லொஸ் ஏஞ்சல்ஸ் யூலை 14 முதல் 30 வரை. அது பன்னிரண்டரை மணி பின்னுக்கு. அங்கே மாலை 7 என்றால் எங்களுக்கு அடுத்த நாள் காலை 7.30, வேலைக்கும் பள்ளிக்கும் ஓடுகிற நேரம். அப்புறம் இன்னொன்று: இந்தத் தடவை தடகளம் முதல் வாரம், நீச்சல் இரண்டாம் வாரம். பழைய வழக்கத்தை நம்பி இரண்டாம் வாரத்துக்கு லீவு போடாதீர்கள்.

இறுதிப் போட்டியை மட்டும் பார்ப்பது

எங்கள் நாட்டவர்கள் ஓடுவது பெரும்பாலும் ஆரம்பச் சுற்றுகளில். பரிஸில் அருண தர்ஷன 400 மீற்றரை 44.99 வினாடியில் ஓடி அரையிறுதிக்குப் போனார். அரையிறுதியில் தடத்தின் கோட்டை மிதித்ததால் தகுதிநீக்கம். இறுதிக்காகக் காத்திருந்தவர்கள் அந்த 44.99ஐத் தவறவிட்டார்கள். நான் அதைப் பார்த்தேன், கத்திய கத்தில் வீட்டில் எல்லோரும் எழும்பி வந்தார்கள்.

போனில் பார்த்துக்கொண்டே வட்ஸ்அப் திறப்பது

இணைய ஒளிபரப்பு பிந்தி வரும். முடிவு முதலில் வந்துவிடும். மூடி வையுங்கள்.

டிஷ்ஷை மறப்பது

யூலை, ஓகஸ்டில் கச்சான் காற்று அடிக்கும். ஆணி இளகியிருந்தால் டிஷ் கொஞ்சம் திரும்பினாலே படம் போய்விடும். ஒலிம்பிக்குக்கு ஒரு வாரத்துக்கு முன்பே கூரையில் ஏறி இறுக்குங்கள். விடியப்புறம் 2 மணிக்கு ஏற வேண்டாம்.

கோடு தாண்டியதும் எழும்புவது

பரிஸ் 100 மீற்றரில் கோட்டைத் தாண்டியபோது யார் வென்றது என்று ஓடியவர்களுக்கே தெரியவில்லை. கோட்டில் எடுத்த படத்தைப் பார்த்துத்தான் நோவா லைல்ஸ் 9.784, கிஷேன் தொம்ப்சன் 9.789 என்று பிரித்தார்கள். அந்த நேரம் தேத்தண்ணி போடப் போனவர் எதைக் கண்டார்?

சில முடிவுகள் அதைவிடப் பிந்தியும் வரும். 2000 சிட்னியில் 200 மீற்றரில் சுசந்திகா ஜயசிங்க 22.28 வினாடியில் மூன்றாவதாக வந்தார். முதலாவதாக வந்த மரியன் ஜோன்ஸ் ஊக்கமருந்துக் குற்றத்தால் பதக்கத்தை இழந்தார். 2009இல் சுசந்திகாவின் வெண்கலம் வெள்ளியானது. 1948இல் லண்டனில் டங்கன் வைட் 400 மீற்றர் தடைதாண்டலில் வெள்ளி வென்றதற்குப் பிறகு இலங்கைக்குக் கிடைத்த வெள்ளி அது.

நிறைவு விழாவோடு ரிவியை அணைப்பது

பராலிம்பிக் அதற்குப் பிறகுதான் வருகிறது. 2021 ஓகஸ்ட் 30 டோக்கியோவில் தினேஷ் பிரியந்த ஹேரத் ஈட்டியை 67.79 மீற்றர் எறிந்து உலக சாதனையோடு தங்கம் வென்றார், பராலிம்பிக்கில் இலங்கையின் முதல் தங்கம். எங்கள் ஒழுங்கையில் அதை நேரே பார்த்தது நானும் அம்மாவும் மட்டும்தான். ஓடிப்போய்ப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினேன். அவர்கள் ரிவியைப் போடுவதற்குள் அடுத்த போட்டி தொடங்கிவிட்டது.